இருபது வகை என்று சொன்னது நான்தான்

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று ஒரு பச்சைப் பொய் சொன்னேன். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்கிற குரலில் சொன்னேன் என்பது கூடுதல் அவமானம்.

குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம். தலைவர் ஆறுமுகநயினார் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேனாவைக்கூட சாக்பீஸ் மாதிரிதான் பிடிப்பார். அவர் ஒரு புகார் மனுவை வாசித்தார். பதினேழாம் எண் மனையில் வீட்டைச் சுற்றி இடுப்பளவு காடு, கொசு வருகிறது, பாம்பு வருகிறது, காலனியின் தோற்றம் கெடுகிறது. பதினேழாம் எண் என்றால் என் வீடு. வாசலில் 'ஹெப்சி அழகு நிலையம்' என்று பலகை தொங்குகிற அதே வீடு. ஊர்ப் புருவத்தையெல்லாம் ஒழுங்கு பண்ணுகிறவள் வாசலைப் பாருங்கள் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. என்னைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் எனக்கு மூளை நின்றுவிடும். எழுந்தேன்.

"அது காடு இல்ல சார். நாட்டுச் செடித் தோட்டம். வண்ணத்துப்பூச்சிக்காக வேணும்னேதான் வளக்கேன்."

உண்மையில் பதினான்கு மாதமாக அந்த மண்ணில் நான் கால் வைக்கவில்லை. முழங்கால் வலி. முழங்கால் வலி என்று எழுதிவிட்டேன், அது போதும்.

பொய் அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். மூன்றாம் தெரு மீரான் துள்ளி எழுந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம். கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது கீழே இவர் புதரைப் படமெடுத்துக்கொண்டிருப்பார் என்று கேள்வி. ஏதோ வண்ணத்துப்பூச்சிக் குழுவுக்குச் செயலாளர் வேறு. எத்தனை வகைக்கா வருது என்று முகமெல்லாம் விளக்குப் போட்டதுபோலக் கேட்டார். என் உடம்பில் எனக்கு அடங்காத உறுப்பு வாய் ஒன்றுதான். "ஒரு இருபது வகை வரும்" என்றது அது.

நயினார் சார் அதையே தீர்மானமாக எழுதிவிட்டார். நவம்பர் 23, ஞாயிறு, காலை எட்டு மணியிலிருந்து பதினோரு மணிவரை கணக்கெடுப்பு. இருபது வகை தேறினால் தோட்டம் தோட்டமாகவே இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் மறுநாள் பொக்லைன் வரும். ஒரு பூச்சியை வேறு வேறு வீட்டைச் சேர்ந்த இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு. ஒருவர் மீரான். இன்னொருவர் புகார் கொடுத்தவர்.

புகார் கொடுத்தவர் பதினெட்டாம் எண். உலகம்மாள் அக்கா. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். முன்பெல்லாம் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். இப்போது வாங்க, போங்க. நல்ல மரியாதை. எனக்கென்ன.

செப்டம்பர் 29, திங்கள்

என் கணவர் பொன்ராஜுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலை போய்விடுவார். நேற்றுக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நான் இருபது என்றதும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் கோபத்தின் உச்சம் அது. இன்று கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம தோட்டத்துல என்னென்ன செடி இருக்கு?"

பச்சையாக இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

மீரான் தோட்டத்தைப் பார்க்க வந்தார். பக்கவாட்டுக் கம்பிக் கதவைத் திறந்து காட்டலாம் என்று போனால் திறக்கவில்லை. ஒரு கொடி அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டிப்போட்டிருக்கிறது. நான் அசடு வழிய நின்றேன். அவரோ கும்பிடாத குறை. வேலிப்பருத்தியாம். வரியன் வகைப் பூச்சிகள் இதில் முட்டையிடுமாம். இதை எப்படிக்கா வளர்த்தீர்கள் என்று கேட்டார். தானாக வரட்டும் என்று விட்டேன் என்றேன். இன்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான். "அதாங்க்கா சரியான முறை" என்றார். இந்த மாதிரிப் பாராட்டை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. ஒன்றும் செய்யாததற்குப் பாராட்டு.

கதவை ஏறிக் குதித்து உள்ளே போனோம். அவர் குதித்தார், நான் ஸ்டூல் போட்டு இறங்கினேன். எருக்கு, ஆவாரை, நாயுருவி, கிலுகிலுப்பை, தரையோடு படர்ந்த ஆடுதின்னாப்பாளை. ஆடுகூடத் தொடாத அந்தப் பாளையை ரோசா நிறப் புள்ளி வைத்த ஒரு கறுப்பு அழகனின் புழு மட்டும் தின்னுமாம். எல்லாவற்றுக்கும் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டினேன். சும்மா தலையாட்டினால் சந்தேகம் வருமே என்று நானும் ஒரு செடியைக் காட்டி, இந்தத் தும்பையை நான் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மீரான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல மனுஷர்.

"அது பார்த்தீனியம்க்கா. விஷச் செடி. தும்பை அந்தா, நீங்க மிதிச்சிட்டு நிக்கீங்க."

அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. பார்த்தீனியத்தையும் மூலையில் முளைத்த சீமைக் கருவேலத்தையும் வேரோடு பிடுங்க வேண்டும், மற்றதில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பார்த்தீனியம் பிடுங்கினேன். பூப்பதற்குள் எடுத்தால்தான் அடுத்த வருஷம் வராதாம். பொன்ராஜும் கூட வந்தார். தலைச்சாயம் பூசுகிற கையுறை போட்டுக்கொண்டோம். அப்படியும் முழங்கைவரை அரிப்பு. முழங்கால் வலிக்கவில்லை. ஆச்சரியம்தான்.

அக்டோபர் 9, வியாழன்

புருவத்தில் நூல் ஓடும்போது யாராலும் பொய் சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அதனால் காலனியின் உளவுத்துறையே என் நாற்காலிதான். இன்று வந்த நாலாம் தெருப் பெண், உலகம்மாள் அக்கா துவைக்கிற கல்லருகே பாம்பைப் பார்த்தது நிஜம்தான் என்றாள். இரண்டு நாள் கொல்லைக்கே போகவில்லையாம். நான் நம்பவில்லை. என்னைப் பழிவாங்கப் பாம்பு ஒரு சாக்கு.

அப்புறம் அவள், அந்தக் கத்தரிக்காய்க் கதையைச் சொல்லுங்களேன் என்றாள். கேட்டுவிட்டாளே என்று சொன்னேன்.

கதை சின்னது. போன வருஷம் ஜூலை கடைசியில் உலகம்மாள் அக்காவுக்குப் பணி நிறைவு விழா. முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். முந்தின நாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நாளைக்கு மேடையில் கொஞ்சம் லட்சணமாக இருக்க வேண்டும் என்றார். தலைச்சாயத்தின் இரண்டு டியூபைச் சேர்த்துக் கலக்குவதில் என் கை எங்கோ பிசகிவிட்டது. வீட்டுக்குள் கறுப்பாகத்தான் தெரிந்தது. வெயிலில் போனதும் தலை கத்தரிக்காய் நிறம். விழா முழுக்கச் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே மாலை வாங்கினார். போட்டோவில்கூட அப்படித்தான்.

இதை நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். சரி, ஏழு பேர். அடுத்து ஆவணி முகூர்த்தம், கடையில் கூட்டம், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமல்லவா.

இன்று முந்தானையைத் தலையில் போட்டு நடித்தே காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்துவிட்டது. ஜன்னல் திறந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி அடித்துத் துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. துவைத்து முடித்திருப்பார்.

அக்டோபர் 14, செவ்வாய்

எருக்கிலையில் ஏதோ கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி வரியாகக் கிடந்தது. பேத்தி பிறந்த வீட்டுக்காரி மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போய் மீரானைக் கூட்டிவந்தேன். வெந்தய வரியனின் புழுவாம். மொத்தம் ஆறு.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக் கூட்டம். காலையிலிருந்து பதினாறு தலை. நடுவில் மூன்று தடவை எருக்குப் பக்கம் போய்வந்தேன். முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா, எங்கே போறீங்க அடிக்கடி என்று உதட்டை அசைக்காமல் கேட்டார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை. ஐந்து புழு இருக்கிறது. ஒன்றைக் காணவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்டு வெயில் அடித்தது. ஏதோ திறந்துவிட்டதுபோலப் பூச்சிகள் வந்தன. மீரானோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தோம். பதினான்கு வகை. இன்னும் நாலு வாரம் இருக்கிறது, இருபது தேறிவிடும் என்றார். எனக்கு இப்போது நாலைந்து பேர் சொல்லத் தெரியும். கறிவேப்பிலை அழகன், வெண்புள்ளிக் கறுப்பன், மயில் வசீகரன். பேர் வைத்தவர் யாரோ, கல்யாணத் தரகு பார்த்தவராக இருக்க வேண்டும்.

பாத்திகட்டி ரோஜா வளர்த்த காலத்தில் நான் தோட்டத்துக்குப் போனால் வேலை பார்ப்பேன். இப்போது போனால் சும்மா நிற்கிறேன். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று பொன்ராஜ் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். மூன்றாவது தடவை வந்தவர் அவரும் நின்றுவிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

பாம்பு நிஜம்.

பதினொரு மணி வாக்கில் தும்பைக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தேன். காலிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் பழுப்பாக ஒன்று போய்க்கொண்டே இருந்தது. முடிகிற பாடாக இல்லை. என் வாழ்க்கையில் வாய் திறக்காமல் இருந்த நீண்ட நேரம் அதுதான். மதிலடியில் பழைய செங்கல் குவியலுக்குள் புகுந்து, தண்ணீர் போகிற துவாரம் வழியாக அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் ஒரு வாளி உருண்டது.

ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். உலகம்மாள் அக்கா துவைக்கிற கல்லின் மேலே ஏறி நின்றார், கையில் ஈரத்துணியோடு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து மாதத்தில் அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இப்போதுதான். தலை முழு வெள்ளை. சாயமே வைப்பதில்லை போல.

இங்கே இருந்தால் சாரையாகத்தான் இருக்கும், விஷமில்லை என்று மீரான் முன்பே சொன்னார் என்றேன்.

"சாரைதான்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சா பயம் போயிருமா?" என்றார். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "விரியன் கடிச்ச ஒரு பிள்ளத்தாச்சிய மடில போட்டு ஜீப்புல கூட்டிட்டுப் போயிருக்கேன். பாதி வழில போயிட்டா. அதுல இருந்து கயிறு கிடந்தாக்கூட எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்க தோட்டத்து மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

சாக்கு என்று எழுதியிருந்தேன், போன மாதம் ஒன்பதாம் தேதி. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். பின்பக்கத்தில் பால் கணக்கு இருக்கிறது.

ஸ்டூல் மேல் நின்றுகொண்டே, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று இறங்கி உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 8, சனி

மதிலை ஒட்டி நாலடி அகலத்துக்குச் சுத்தமாக வெட்டிவிடலாம் என்றேன். பொன்ராஜ் அரிவாளை எடுத்தவர் வைத்துவிட்டு, மீரானைக் கேட்டாயா என்றார். கேட்டேன். மீரான் முகம் வாடிவிட்டது. பெரிய ஆவாரை அந்த நாலடிக்குள்தான் நிற்கிறது. மஞ்சள் பூச்சிகள் மூன்று வகை அதை நம்பித்தான் வருகின்றன. கணக்கெடுப்பு முடிந்த பிறகு வெட்டலாமே, இன்னும் பதினைந்தே நாள்தானே என்றார். கணக்கு அவருக்குச் சரி. ஆனால் பதினைந்து நாளும் ஒருத்தர் துணி துவைக்க வேண்டுமே.

செங்கல் குவியலைப் பின்கோடிக்கு மாற்றினோம். அங்கே போய் இருக்கட்டும் சாரை. காய்ந்த ஓலையையும் அள்ளினோம். தண்ணீர் துவாரத்தில் கம்பி வலை வைத்துப் பொன்ராஜ் சிமெண்ட் பூசினார். ஆவாரையை நானே வெட்டினேன். பூவோடு சாய்ந்தது.

சத்தம் கேட்டு உலகம்மாள் அக்கா மதிலுக்கு வந்தார். வெட்டிக் கிடந்ததையும் என் கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஏற்கனவே பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்கிற மாதிரி சொன்னார்:

"நீங்க சாயத்த மாத்திக் கலந்ததுல எனக்கு வருத்தமே இல்ல ஹெப்சி. மயிர்தான, வளந்துரும். தென்காசில இருந்து என் நாத்தனா போன் போட்டு, கத்தரிக்கா எப்பிடி இருக்குன்னு கேட்டா. முப்பத்தோரு வருஷத்துல எத்தன பிரசவம் பாத்தேன்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல."

பொன்ராஜ் சிமெண்ட் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். கழுவ வேண்டிய அவசியமே இல்லை, இன்னும் பாதி பூச வேண்டியிருந்தது.

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. சரியாகச் சொல்ல வரவில்லை. அவர் கேட்டுவிட்டு, "கையில முள்ளு ஏறியிருக்கு பாருங்க, ஊசி வச்சு எடுங்க, அப்படியே விட்டா சீழ் வைக்கும்" என்றார்.

எடுத்துவிட்டேன். இரண்டு முள்.

நவம்பர் 12, புதன்

ஒத்திகை. ஒன்பது வகை.

நவம்பர் 15, சனி

மழை. மழை. குளித்துவிட்டு வந்த தலைகளைக் காயவைக்க முடியவில்லை, மின்சாரமும் இல்லை. மீரானுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மழைக்காலத்தில் லைன் இன்ஸ்பெக்டரைப் போனில் பிடிப்பதும் மதியத்தில் ஆந்தையைப் பிடிப்பதும் ஒன்று.

இன்று ஒரு வாடிக்கைக்காரி கத்தரிக்காய்க் கதை கேட்டாள். மறந்துவிட்டது என்றேன். உங்களுக்கா என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 19, புதன்

பொக்லைன்காரர் வந்து வாசலை அளந்துவிட்டுப் போனார். தயார் நிலையாம். கதவு அகலம் போதாது, ஒரு தூணை இடிக்க வேண்டியிருக்கும் என்று என்னிடமே ஆலோசனை கேட்டார். தோற்றால் தூணும் போகும். தூண் போனால் பலகை போகும். ஆனால் இதை எழுதும்போது நான் யோசித்துக்கொண்டிருப்பது தூணைப் பற்றி இல்லை. ஆடுதின்னாப்பாளையில் நேற்றுதான் செம்பழுப்பாக நாலு முட்டை பார்த்தேன். மிளகாய் விதையில் பாதிகூட இருக்காது.

நவம்பர் 22, சனி

வெயில். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பொன்ராஜ் தூத்துக்குடியிலிருந்து அழுகின வாழைப்பழம் ஒரு பை கொண்டுவந்திருக்கிறார். சில பூச்சிகள் பூவைச் சீண்டாதாம், அழுகின பழத்துக்குத்தான் வருமாம். மீரான் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். நல்ல பழம் கேட்டு மூன்று வருஷமாயிற்று, அதைக் கொண்டுவரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் ஆராதனைக்குப் போகவில்லை. பாஸ்டர் அம்மாவுக்குக் காரணம் தெரியும். அவரும் என் வாடிக்கைதான்.

ஏழே முக்காலுக்கே உலகம்மாள் அக்கா வந்துவிட்டார். விறைப்பாகக் கஞ்சி போட்ட சேலை, குடை, கோடு போட்ட நோட்டு. போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாகக் கணக்கெடுத்த கை. பக்கத்தை மூன்றாகப் பிரித்து வரிசை எண், பேர், நேரம் என்று கோடு கிழித்துக்கொண்டார். நயினார் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பரீட்சை ஹால் மாதிரி இருந்தது.

எட்டு ஐந்துக்கு முதல் பூச்சி. எருக்குக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில், சிறகு நுனி கறுத்து, வெள்ளைப் புள்ளியோடு ஒன்று தாழப் பறந்தது. நான் வளர்த்த பிள்ளை என்று கத்தினேன். மீரான் அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, வெந்தய வரியன் என்றார். உலகம்மாள் அக்கா நிதானமாகப் பார்த்து, எழுதினார். ஒன்று.

ஒன்பது மணிக்கு ஏழு. ஒன்பதரைக்குப் பதினொன்று. வாழைப்பழத்துக்கு இரண்டு வந்தன; பொன்ராஜ் யாரையும் பார்க்காமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நடுவில் மீரான் ஒரு நீலத்தைப் பார்த்தேன் என்றார். உலகம்மாள் அக்கா நோட்டை மூடிக்கொண்டார்.

"நான் பாக்கல. பாக்காதத எழுத மாட்டேன்."

மீரான் எவ்வளவோ சொன்னார். பிள்ளை வீட்டில் இல்லை, சொட்டு மருந்து கொடுத்ததாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்ன எத்தனை பேரைப் பார்த்திருப்பார் அவர். அசையவில்லை. இப்படியே இரண்டு போயிற்று. மஞ்சள் வகை மூன்றில் ஒன்றுதான் வந்தது. ஆவாரை நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடையை மாற்றிவிட்டார்களே என்று திகைக்கிற ஆள் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே பறந்தது. உலகம்மாள் அக்கா அதை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. நான் பார்த்தேன்.

பத்தரைக்குப் பதினெட்டு. பத்து நாற்பதுக்குப் பத்தொன்பது. அப்புறம் ஒன்றுமில்லை. வந்ததே வந்துகொண்டிருந்தது. மேகம் வேறு வந்து வெயிலை மூடிவிட்டது. நயினார் சார் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். மீரான் ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். நான் மேசையோரம், வேலிப்பருத்திக் கொடிக்கு முதுகைக் காட்டி நின்றேன். பத்து ஐம்பத்தொன்று. வெயில் வந்தது.

"ஏட்டி, அசையாத."

நான் அசையவில்லை.

"உனக்குப் பின்னால, கொடியில. மீரான் தம்பி, மெதுவா வாங்க. கறுப்பா. ஒவ்வொரு சிறகுலயும் வெள்ளையா பொட்டு. பொட்டச் சுத்தி நீலம். எழுதினதுல இது இல்லல்லா?"

மீரான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பசலைச் சிறகன் என்றார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை; என்னால் கெட்டது என்று இருக்க வேண்டாமே. உலகம்மாள் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நோட்டில் இருபது என்று எழுதி, நேரம் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். நயினார் சாரிடம் நீட்டி, "நான் பாத்தேன் சார். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டார். தலைமையாசிரியர் கையெழுத்து, முழு நீளத்துக்கு.

நவம்பர் 24, திங்கள்

பொக்லைன் வரவில்லை. ஆடுதின்னாப்பாளையில் முட்டை பொரித்துவிட்டது. புழு இருக்கிற இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டேன். ஒரு காரணமும் இல்லை.

டிசம்பர் 3, புதன்

உலகம்மாள் அக்கா சாயங்காலமானால் கடைக்கு வந்துவிடுகிறார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி விட்டால் போதும், சாயம் கீயம் என்று கிட்டே வராதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வெள்ளை முடி அவருக்கு அப்படிப் பொருந்துகிறது. வெட்டின இடத்தில் புல் வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், வெறும் மண்ணாக இருக்கட்டும், ஊர்வது கண்ணுக்குத் தெரியும் என்றார். பின்கோடியில் புது ஆவாரை விதை போட்டிருக்கிறோம். விதையைக் கல்லில் லேசாக உரசிப் போட்டால்தான் முளைக்குமாம். உரசியது அவர்.

டிசம்பர் 10, புதன்

உலகம்மாள் அக்கா இல்லாமல் இப்போது என் கடையில் பேச்சே ஓடாது. வருகிறவர்களிடமெல்லாம் இருபதாவது பூச்சியைக் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறார். முதலில் ஐந்து நிமிஷக் கதை. இப்போது கால் மணி நேரம். மேகம் வருகிறது, கடிகாரம் ஓடுகிறது, நான் அழுகிறேன் (அழவில்லை), மீரானுக்குக் கண் தெரியவில்லை (தெரிந்தது). நேற்றுத் தென்காசி நாத்தனாருக்கே போன் போட்டு முழுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில். அந்த நாத்தனார் கடைசியில், நீ கெட்டிக்காரிதான் உலகு என்றார். அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீப்பைக் கழுவினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆறு நாளாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். தாடை வலிக்கிறது. பொன்ராஜிடம்கூடச் சொல்லவில்லை. பல் வலியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை மீரான் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரமாட்டேன் என்றார். முகம் சரியில்லை. எடுத்த படங்களை எல்லாம் குழுவின் பெரியவர் ஒருவருக்கு அனுப்பியிருந்தாராம், சரிபார்க்க. பதில் வந்திருக்கிறது. தன் பிழைதான், அவசரத்தில் பார்த்தது, தலைவரிடம் சொல்வதா வேண்டாமா என்று உங்களிடமே விடுகிறேன்க்கா என்று சொல்லிவிட்டு, போன் திரையைக் காட்டினார். நான் பார்த்தேன். உள்ளே உலகம்மாள் அக்கா யாருக்கோ மேகம் மூடின இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் எங்கும் இல்லை.

பசலைச் சிறகனில் ஆண் கறுப்பு, வெள்ளைப் பொட்டு. பெண் அப்படி இருக்காது. காக்கையும் குருவியும் தின்னாமல் இருக்க, எருக்குத் தின்று கசப்பேறின வெந்தய வரியன் மாதிரி அப்படியே ஆரஞ்சு வேஷம் போட்டுக்கொண்டு திரியும். காலை எட்டு ஐந்துக்கு எருக்கு மேல் பறந்து, என் பிள்ளை என்று நான் கத்தினது, அந்தப் பெண். பத்து ஐம்பத்தொன்றுக்குக் கொடியில் வந்து உட்கார்ந்தது அதன் ஆண். நிஜ வெந்தய வரியன் அன்று எடுத்த படம் எதிலும் இல்லை.

ஆக மொத்தம் பத்தொன்பது.